கியோத்தோவில் பாலில்லாத ஒரு காப்பி

எனக்குப் பால் ஒவ்வாமை உண்டு. அது வெறும் செரிமானக் கோளாறு அன்று. பாலிலுள்ள கேசின் புரதம் சிறிதளவு உள்ளே போனாலும் உதடு தடித்து, தொண்டை இறுகத் தொடங்கிவிடும். ஆகவே ஜப்பானுக்குப் புறப்படுமுன், பார்க்க வேண்டிய கோயில்களைக் காட்டிலும் கவனமாக நான் குறித்துவைத்துக்கொண்டது, காப்பிக்கடையில் சொல்ல வேண்டிய சில சொற்களைத்தான்.

சோயாப்பால் ‘தோநியூ’, ஓட்ஸ் பால் ‘ஓட்சு மிருக்கு’, பாதாம் பால் ‘ஆமொந்தோ மிருக்கு’. ஸ்டார்பக்ஸ் போன்ற பெரிய கடைகளில் “தோநியூ நி தெகிமஸ் கா?”, அதாவது சோயாப்பாலில் தர முடியுமா என்று கேட்டாலே போதும். சிக்கல், ‘கிஸ்ஸாத்தென்’ எனப்படும் பழைய காப்பியகங்களில் தொடங்குகிறது. பசும்பாலுக்கு ‘கியூநியூ’ என்று பெயர். ஆனால் அங்கே “மிருக்கு வேண்டுமா?” என்று கேட்டால், பெரும்பாலும் அது பசும்பாலைக் குறிப்பதில்லை, தாவர எண்ணெயைக் குழைத்துச் செய்த, விரல்நுனி அளவுக் கிண்ணத்தில் வரும் வெண்ணிறக் கலவையையே குறிக்கும். கியூநியூ வேண்டாம் என்று சொல்லிவிட்ட நிம்மதியில், ஒசாகாவின் ஒரு கடையில் அதை ஊற்றிக் குடித்தேன். இரண்டாம் வாய்க்குள் உதடு அரித்தது. தாவர எண்ணெயே ஆனாலும், அத்தகைய கலவைகள் பலவற்றில் பால் புரதம் சேர்க்கப்படுகிறது என்பதை மாத்திரையை விழுங்கிய பிறகே அறிந்தேன்.

அன்றிரவு, பாலைக் குறிக்கும், ‘நியூ’ என்று ஒலிக்கும் அந்த ஓர் ஜப்பானிய எழுத்தை வரைந்து வரைந்து மனத்தில் பதித்துக்கொண்டேன். ஜப்பானில் பொதியிடப்பட்ட உணவில் பால் இருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். ‘நியூசெய்புன்’, அதாவது பாற்கூறு, என்ற சொல் அங்கே அச்சாகியிருக்கும். ஆயினும் எழுத்தைக் கண்டதும் அஞ்சி ஒதுக்கிவிடவும் கூடாது. தோநியூவிலும் அதே எழுத்துதான் இருக்கிறது. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் ‘நியூகஸாய்’ என்னும் பொருளின் பெயரிலும் இருக்கிறது. பாலுக்கும் அதற்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்பதில்லை. தேங்காய்ப்பால், கள்ளிப்பால் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விளங்காத வழக்கன்று. கடைகளில் விற்கும் சோயாப்பாலிலும் இருவகை உண்டு: ‘முசோசெய்’ என்பது எதுவும் சேர்க்காதது, ‘சோசெய்’ என்பது சர்க்கரை, உப்பு, எண்ணெய் முதலியவை சேர்த்துச் சுவை திருத்தியது. சோயாவின் பச்சை வாடை பிடிக்காதவர்களுக்குப் பின்னதே ஏற்றது.

கியோத்தோவில் 1940இல் தொடங்கப்பட்ட இனோதா காப்பியகத்தில் ‘அரேபியாவின் முத்து’ என்னும் காப்பியைப் பாலும் சர்க்கரையும் முன்கூட்டியே கலந்து தருவது நெடுநாள் வழக்கம். காப்பி ஆறினால் பால் நன்றாகக் கலவாது என்ற அக்கறையில் எழுந்த வழக்கம் என்கிறார்கள். எனக்கு அது ஆகாது என்பதால், எதுவும் சேர்க்காத கறுப்புக் காப்பியைக் கேட்டு வாங்கி நிறைவுடன் குடித்தேன்.

அந்நகரிலேயே, தெருவோரச் சிறு கடையொன்றில், நான் “நியூ அரெருகீ”, அதாவது பால் ஒவ்வாமை, என்று சொன்னவுடன் கடைக்கார அம்மையார் வேலையை நிறுத்திவிட்டு, சோயாப்பால் பெட்டியை என் பக்கம் திருப்பி, பொருட்பட்டியலை விரலால் தொட்டுக் காட்டினார். அதன்பின் தோநியூவைத் தனியே மிதமாகச் சூடாக்கி, நன்கு கறுக்க வறுத்த கொட்டையில் இறக்கிய காப்பியை அதன்மேல் சிறிது சிறிதாக ஊற்றினார். காப்பியின் புளிப்பும் கொதிசூடும் ஒருசேரப் பட்டால் சோயாப் புரதம் தோஃபு போலத் திரிந்துவிடும். கறுக்க வறுத்த கொட்டையில் புளிப்புக் குறைவு. கோப்பையில் ஒரு துகள்கூடத் திரியவில்லை. முதல் வாயை நான் குடித்து முடிக்கும்வரை அவர் அருகிலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகே அடுத்த வாடிக்கையாளரிடம் சென்றார்.