லோக்கல்ஹோஸ்டுக்கு யார் வருவார்கள்?

2022 அக்டோபர் கடைசியில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கினார். அதன் பிறகு சில வாரங்களுக்கு மாஸ்டடான் என்ற பெயர் எல்லாப் பக்கமும் அடிபட்டது. ட்விட்டர் மாதிரிதான், ஆனால் யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. பல ஊர்களில் பள்ளிகள் நடத்தும் ஓர் அறக்கட்டளை. அவர்களுடைய பிரச்சினை நியாயமானது. எல்லாமே வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது. பழைய சுற்றறிக்கை ஒன்றைத் தேடினால் கிடைக்காது. வேலையை விட்டுப் போனவர் குரூப்பில் இருப்பார், புதிதாகச் சேர்ந்தவர் இருக்க மாட்டார். "நமக்கே நமக்குன்னு ஒண்ணு வேணும், நம்ம சர்வர்லயே இருக்கணும்" என்றார்கள். எங்கள் மேனேஜர் என்னிடம், "முதல்ல லேப்டாப்ல ஓட்டிக் காட்டுங்க. சர்வர் செலவெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

இந்த மாதிரி வேலைக்கு மாஸ்டடான் மட்டும்தான் உண்டு என்றில்லை. எல்க் 2004-இலிருந்து இருக்கிறது. ஹம்ஹப் இருக்கிறது. இரண்டும் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளும் சமூக வலைத்தள மென்பொருள்கள், பிஎச்பி மொழியில் எழுதியவை. ஒரு கோப்புறையை இறக்கி வைத்து, ஒரு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைக் காட்டினால் மதியத்துக்குள் ஓட ஆரம்பித்துவிடும். ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஹம்ஹப்தான் பொருத்தம் என்று அன்றே நினைத்தேன், சொல்லவும் செய்தேன். ஆனால் வாடிக்கையாளர் கேட்ட பெயர் மாஸ்டடான். சரி, அதையே நிறுவுவோம் என்று ஆரம்பித்தோம். என்னுடன் அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணையும் போட்டார்கள்.

ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ என்பவர் 2016-இல் வெளியிட்ட மென்பொருள் மாஸ்டடான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வலைத்தளம். உள்ளே பல தனித்தனி நிரல்கள் சேர்ந்து ஓடுகின்றன. முன்னால் நிற்பது ரூபி மொழியில் எழுதிய ரூபி ஆன் ரெயில்ஸ் நிரல். திரையில் தெரிவதை வரைவது ரியாக்ட். பதிவுகளும் கணக்குகளும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். ஒவ்வொருவருடைய முகப்பு ஓடையும், அதாவது அவர் பின்தொடர்பவர்களின் பதிவு வரிசையும், நினைவகத்தில் வைத்து வேகமாக எடுத்துத் தரும் ரெடிஸில். பின்னணி வேலைகளைச் செய்வது சைட்கிக். புதுப் பதிவு வந்ததும் பக்கத்தைப் புதுப்பிக்காமலே திரையில் தோன்ற வைப்பது நோட்ஜேஎஸ்ஸில் எழுதிய தனி ஸ்ட்ரீமிங் சர்வர். 'ஃபோர்மேன் ஸ்டார்ட்' என்று கொடுத்தால் இவை எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, ஒரே டெர்மினலில் வெவ்வேறு நிறங்களில் கத்த ஆரம்பிக்கும். அதுவரை போவதற்குள் என்ன பாடு என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அது கேட்கும் ரூபி பதிப்பு உபுண்டுவில் இருக்காது, ஆர்பிஎன்வ் என்ற கருவியை வைத்து நாமே கம்பைல் செய்ய வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருந்தாலும் அதன் ஹெடர் கோப்புகள் தனியாக வேண்டும், இல்லையென்றால் ரூபி நூலகங்களை இறக்கி நிறுவும் 'பண்டில் இன்ஸ்டால்' பாதியில் நிற்கும். திரைப் பக்க நிரலைக் கட்டித் தர அப்போது வெப்பேக் என்ற கருவி இருந்தது; எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் அது ஓடும்போது வேறு எதையும் தொடக் கூடாது. இதெல்லாம் எரிச்சல்தான். ஆனால் பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படித்தால் தீர்ந்துவிடும் எரிச்சல்.

நான் ரசித்தது அதற்குப் பிறகு வந்த சின்னச் சின்னக் கேள்விகளை. நிறுவியதும் மாஸ்டடானே ஒரு நிர்வாகிக் கணக்கை உருவாக்கித் தரும். அது போதாதென்று அந்தப் பெண் தன் ஜிமெயில் முகவரியைக் கொடுத்து ஒரு புதுக் கணக்கு தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அண்ணா, கன்ஃபர்மேஷன் மெயில் வரவே இல்லை. ஸ்பாம்லயும் பாத்துட்டேன்" என்றார். டெவலப்மென்ட் முறையில், அதாவது சோதனைக்காக ஓடவிடும்போது, மெயில் வெளியே போகாது. 'லெட்டர் ஓப்பனர்' என்ற ஒரு பக்கத்தில் எல்லாக் கடிதமும் வந்து விழும். பிரவுசரிலேயே திறந்து பார்த்துக்கொள்ளலாம். அதைக் காட்டியதும் அவர் கேட்ட அடுத்த கேள்விதான் முக்கியம்: "அப்போ நிஜமா போடும்போது மெயில் யார் அனுப்புவாங்க?" அந்தக் கேள்வியை அப்படியே செலவுப் பட்டியலில் எழுதிக்கொண்டேன். சொந்த சர்வரிலிருந்து நேராக மெயில் அனுப்பினால் பெரும்பாலும் ஸ்பாமில்தான் போய் விழும். அதற்கென்று தனி சேவைக்குக் காசு கட்ட வேண்டும்.

சைட்கிக் என்ன செய்கிறது என்று வாயால் விளக்குவதைவிட அதை நிறுத்திக் காட்டுவது எளிது. நிறுத்திவிட்டு ஒரு பதிவு போட்டோம். பதிவு ஏறியது. போட்டவர் பக்கத்துக்குப் போனால் இருந்தது. ஆனால் அவரைப் பின்தொடரும் இன்னொரு கணக்கின் முகப்பில் எதுவும் இல்லை. பதிவைச் சேமிப்பது ஒரு வேலை, அதைப் பின்தொடர்பவர்களின் ஓடையில் கொண்டுபோய்ப் போடுவது வேறொரு வேலை. இரண்டாவதை வரிசையில் வைத்துச் செய்வது சைட்கிக். திரும்ப ஓடவிட்டதும் பதிவு எல்லா இடத்திலும் வந்துவிட்டது. அப்புறம் ரெடிஸைக் காலி செய்து பார்த்தோம். முகப்புகள் வெறிச்சென்று ஆயின. பதிவுகள் போஸ்ட்கிரெஸில் பத்திரமாக இருந்ததால், 'டூட்சிடிஎல்' என்ற மாஸ்டடானின் நிர்வாகக் கட்டளையில் ஓடைகளைத் திரும்பக் கட்டச் சொன்னதும் பழையபடி நிரம்பின. பேக்கப்பில் எதை விடலாம், எதை விடவே கூடாது என்பது இந்தச் சோதனையிலேயே புரிந்துவிட்டது.

இதுவரை ஒரே லேப்டாப். ஆனால் மாஸ்டடானின் பெருமையே ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம் என்பதுதான். அந்த உரையாடலுக்கான ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை 2018 ஜனவரியில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக ஏற்றது. அறக்கட்டளையின் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சர்வர், எல்லாம் ஒன்றோடொன்று பேசும் என்று எங்கள் மேனேஜர் ஏற்கெனவே பிரசன்டேஷனில் படம் போட்டுவிட்டார். அதனால் என் லேப்டாப்பும் அந்தப் பெண்ணின் லேப்டாப்பும் பேசியே ஆக வேண்டும்.

இரண்டும் பேசவில்லை. காரணம் எளிது: இரண்டின் பெயரும் லோக்கல்ஹோஸ்ட். எந்தக் கணினியிலிருந்து சொன்னாலும் அந்தப் பெயர் அந்தக் கணினியைத்தான் குறிக்கும். என் லேப்டாப்பில் உட்கார்ந்து 'லோக்கல்ஹோஸ்டில் இருக்கும் இன்னாரைக் கூப்பிடு' என்றால் அது தன்னையே தேடிக்கொள்ளும்.

மாஸ்டடானில் ஆளைக் கண்டுபிடிக்கும் முறை வெப்ஃபிங்கர். தெரியாத ஊரில் இறங்கி முதல் டீக்கடையில் "இந்தப் பேர்ல ஒருத்தர் இருக்காரே, வீடு எங்க?" என்று கேட்பது மாதிரி. டொமைன்தான் ஊர், அந்த டொமைனில் குறிப்பிட்ட ஒரு முகவரிதான் டீக்கடை. அங்கே கேட்டால் அந்தக் கணக்கின் முழு முகவரியைச் சொல்லும். ஆனால் கேள்வி எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் போகும், ஆக அந்தப் பெயர் நம்முடையதுதான் என்று காட்டும் சான்றிதழ் வேண்டும். லோக்கல்ஹோஸ்டுக்கு வெளியில் யாரும் சான்றிதழ் தர மாட்டார்கள்.

நம் லேப்டாப்புக்கு வெளியிலிருந்து எட்டும் ஒரு பெயர் கொடுக்கும் இலவச டனல் சேவை ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்றார் அந்தப் பெண். போட்டோம், உடனே வேலை செய்தது. மறுநாள் டனலைத் திறந்தபோது வேறு பெயர் கொடுத்தது. முந்தைய நாள் பின்தொடர்ந்தவை எல்லாம் அந்தரத்தில் நின்றன. ஒவ்வொரு பதிவின் அடையாளமும் டொமைன் பெயரோடு சேர்ந்த ஒரு முழு முகவரி. எதிரில் இருக்கும் சர்வர் அதைத் தன் டேட்டாபேஸில் எழுதி வைத்துக்கொள்கிறது. நாம் பெயர் மாறினோம் என்பது அதற்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை நாம் வேறு ஆள். 'லோக்கல் டொமைன்' என்ற அந்த ஒரு வரி அமைப்பைப் பின்னால் மாற்ற முடியாது என்று மாஸ்டடானின் ஆவணத்தில் எச்சரிக்கை இருக்கிறது. படித்தபோது வழக்கமான எச்சரிக்கை என்று தோன்றியது. இப்போதுதான் அதன் எடை தெரிந்தது.

கடைசியில் வழி கண்டுபிடித்தது அந்தப் பெண்தான். இரண்டு லேப்டாப்பிலும், எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இரண்டு கற்பனைப் பெயர்களை எழுதி, எம்கேசர்ட் என்ற கருவியால் எங்களுக்கு நாங்களே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு, அந்தச் சான்றிதழை நம்பும்படி ரூபிக்கும் சொல்லி, முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து, புரொடக்‌ஷன் முறையில் (நிஜ சர்வரில் ஓடுவது போல) ஓடவிட்டோம். அப்போதும் மாஸ்டடான் மறுத்தது. அலுவலக வைஃபைக்குள் இருக்கும் உள் ஐபி முகவரிகளோடு அது பேசாது. அதுவும் நல்லதுக்குத்தான். வெளியாள் ஒருவர் தன் டொமைனை நம் உள் நெட்வொர்க்கின் ஒரு முகவரிக்குத் திருப்பிவிட்டு, நம் சர்வரை வைத்தே நம் ரவுட்டரைத் தட்டிப் பார்க்க முடியும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு. எங்கள் முகவரிகளை மட்டும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தோம். அதன் பிறகு அவர் என்னைப் பின்தொடர்ந்தார். என் திரையில் அறிவிப்பு வந்தபோது இருவரும் கத்தியதில் பக்கத்து டீம் எழுந்து பார்த்தது. எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஃபாலோ செய்துகொண்டதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அவருடைய லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு நான் ஒரு பதிவு போட்டேன். சைட்கிக் முயன்றது, தோற்றது, கொஞ்சம் விட்டு மறுபடி முயன்றது. ஒவ்வொரு முறையும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. சாப்பிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தார். சற்று நேரத்தில் பதிவு போய்ச் சேர்ந்தது. மின்வெட்டு உள்ள ஊர்ப் பள்ளிகளுக்கு இது பெரிய ஆறுதல்.

தமிழ் எப்படி இருக்கிறது என்றும் பார்த்தோம். பதிவுக்கு 500 எழுத்து வரம்பு. ரெயில்ஸ் கன்சோலில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ரூபி 5 என்கிறது. எழுத்துக்கும் அதோடு சேரும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் கணக்கு. ஆனால் சர்வர் வரம்பைச் சரிபார்க்கும்போது எழுத்துக் கொத்துகளை எண்ணுவதால் 3 என்றுதான் வரும். நம் பள்ளிக்கூடக் கணக்கும் அதுதானே. பயனர் பெயரைத் தமிழில் வைக்க முடியாது, ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான். காட்டும் பெயரைத் தமிழில் வைக்கலாம். இடைமுகத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தது, ஆனால் பாதியில் திடீரென்று ஆங்கிலம் முளைக்கும்.

டெமோவில் அறக்கட்டளையின் நிர்வாகி அதிகம் கேட்டது தொழில்நுட்பத்தைப் பற்றி அல்ல. தப்பாக ஒருவர் எழுதினால் யார் அழிப்பது, ராத்திரி சர்வர் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். உரிமம் பற்றிய கேள்வியில் எங்கள் மேனேஜரே கொஞ்சம் ஆடிப்போனார். மாஸ்டடான் ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. நிரலை மாற்றி ஓடவிட்டால், அதைப் பயன்படுத்துபவர்களுக்கு மாற்றிய நிரலையும் தர வேண்டும். 2021-இல் டிரம்ப்பின் ட்ரூத் சோஷியல் இதே நிரலை எடுத்துக்கொண்டு மூலத்தைக் காட்டாமல் இருந்தபோது மாஸ்டடான் தரப்பு கடிதம் அனுப்பியது; அதன் பிறகுதான் அவர்கள் நிரலை வெளியிட்டார்கள். "நம்ம ஊழியர்களுக்குக் காட்டுறதுல என்னங்க பிரச்சினை? காட்டிட்டுப் போங்க" என்று நிர்வாகி சிரித்தார்.

வெளி சர்வர்களோடு பேசவே வேண்டாம், எல்லாம் உள்ளுக்குள் இருக்கட்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். அதற்கும் மாஸ்டடானில் அமைப்பு உண்டு. ஆனால் எல்லாமே உள்ளுக்குள் என்றால் பள்ளிக்கு ஒரு சர்வர் எதற்கு, இத்தனை பாடுபட்டு இரண்டு லேப்டாப்பைப் பேச வைத்ததற்கு என்ன பயன்? நான் மறுபடியும் ஹம்ஹப் பேச்சை எடுத்தேன். இந்த முறை அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒரே சர்வர், எல்லாப் பள்ளிகளும் அதில்.

அந்த இரண்டு கற்பனைப் பெயர்களும் எங்கள் அலுவலகத்தில் இன்னும் இருக்கின்றன, லேப்டாப்பில் அல்ல, இரண்டு பழைய டெஸ்க்டாப்பில். புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இப்போது அந்தப் பெண்தான். முதல் நாள் ரூபியைத் தொட விடுவதில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர், அந்தப் பெயருக்குச் சான்றிதழ், எதிர் டெஸ்க்டாப்பிலிருந்து திறந்தால் வரும் ஒரு வெற்றுப் பக்கம், இவ்வளவுதான் முதல் நாள் வேலை. ரூபியை மறுநாள் கம்பைல் ஆக விட்டுவிட்டு டீக்குப் போகலாம் என்பது அவர் கணக்கு.