எல்-டைப் கால்சியம் சேனல்: இதயச் செல்லில் அளக்கும்போது

எல்-டைப் கால்சியம் சேனல் என்பது செல்லின் சவ்வில் மின்னழுத்தம் மாறும்போது திறந்து கால்சியத்தை உள்ளே விடும் புரதக் கதவு. அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் வேலையில் பாதி நாள் செல் பிரிப்பதிலேயே போய்விடும். கொலாஜனேஸ் நொதி இதயத்திசுவைக் கரைக்கும்போது கரைசலில் கால்சியம் அநேகமாக இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். செல்களைப் பிணைக்கும் மூட்டுகள் அப்போதுதான் விடும். பிறகு வழக்கமான கால்சியம் செறிவான 1.8 மில்லிமோலாருக்கு ஒரேயடியாகத் திரும்பினால் செல்கள் சுருண்டு உருண்டையாகிச் செத்துப்போகும். 0.1, 0.2, 0.5, 1.0 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் சில நிமிடம் விடவேண்டும். வரிக்கோடு தெளிவாகத் தெரியும், தானாகத் துடிக்காத நீண்ட செல்லைத்தான் தேர்ந்தெடுப்போம்.

செல்லோடு ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் நுண்ணிய கண்ணாடிக் குழாய்தான் பிப்பெட். அதன் கரைசலில் பொட்டாசியத்துக்குப் பதில் சீசியம். பொட்டாசியம் மின்னோட்டம் குறுக்கிடாது. சோடியம் மின்னோட்டத்தை ஒதுக்க, செல்லின் மின்னழுத்தத்தை மைனஸ் 40 மில்லிவோல்ட்டில் சற்று நிறுத்திவிட்டுத்தான் மேலே போகிறோம். அடுத்த தொல்லை, மின்னோட்டம் நிமிடத்துக்கு நிமிடம் தானாகத் தேய்வது. பிப்பெட்டில் மக்னீசியம் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) சேர்த்தால் தேய்வு மெதுவாகும், நிற்காது. தேயும் மின்னோட்டத்தின்மேல் எந்த மருந்தைச் சொட்டினாலும் அது தடுப்பான் போலவே தெரியும்! மருந்தில்லாத செல்லையும் அதே நேர அளவுக்குப் பதிவு செய்யாத முடிவை நான் நம்புவதில்லை.

கால்சியத்துக்குப் பதில் பேரியம் கொடுத்தால் மின்னோட்டம் பெரிதாகி, மெதுவாக இறங்கும். உள்ளே வரும் கால்சியம், சேனலோடு ஒட்டியிருக்கும் கால்மொடுலின் என்ற புரதத்தைப் பிடித்துச் சேனலை மூடச் செய்கிறது. பேரியத்தால் அது அநேகமாக முடியாது. பேரியக் கரைசலில் பாஸ்பேட்டோ சல்பேட்டோ இருந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். அமிலத்தன்மை மாறாமல் காக்கும் ஹெப்பஸ் தாங்கல் கரைசலே போதும்.

இப்படி நேரத்தோடு மூடுவதில்தான் உடலின் பிழைப்பு இருக்கிறது. இதயத்தில் இந்தச் சேனல் வழியே நுழையும் சிறிதளவு கால்சியம் ரையனோடின் ஏற்பி என்ற உட்கதவைத் திறந்து, செல்லுக்குள் கால்சியம் சேர்த்துவைத்திருக்கும் உள்ளறையிலிருந்து பெருமளவு கால்சியத்தை விடுவிக்கிறது. எலும்புத் தசையிலோ அதன் உறவுச் சேனல் மின்னழுத்தத்தை உணர்ந்து ஏற்பியை நேரடியாகவே இயக்குகிறது. வெளிக்கால்சியம் உள்ளே வரவேண்டியதில்லை. கால்சியமில்லாத கரைசலில் இதயம் சுருங்காது என்று சிட்னி ரிங்கர் 1883இல் காட்டினார். மூடுவது தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு 2004இல் விளக்கம் பெற்ற டிமோதி நோய்க்குறி என்ற மரபணு நோய் சான்று. சேனல் புரதத்தின் 406ஆம் இடத்து அமினோ அமிலமான கிளைசின் ஆர்ஜினினாக மாறியதால், இசிஜியில் தெரியும் இதயத்தின் கியூடி இடைவெளி நீள்கிறது. விரல்கள் ஒட்டிப் பிறக்கின்றன, ஆட்டிசமும் வருகிறது. விரலும் மூளையும் உருவாவதில் இதயச் சேனலுக்கும் பங்கு உண்டு என்று முன்பே யார் ஊகித்திருப்பார்கள்?

இந்தச் சேனலைத் தடுக்கும் நிஃபெடிபின் மருந்து ஒளியில் சிதையும். குப்பியை அலுமினியத் தாளால் சுற்றி, விளக்கைத் தணித்து வேலை செய்யவேண்டும். தொடக்க மின்னழுத்தமும் முக்கியம். மைனஸ் 80இல் பிடித்த செல்லைவிட மைனஸ் 40இல் பிடித்த செல்லில் மருந்து மிகக் குறைந்த அளவே போதும், ஏனெனில் நிஃபெடிபின் செயலிழந்த நிலைச் சேனலில் இறுக ஒட்டும். ஓய்விலும் மின்னழுத்தம் அவ்வளவு இறங்காத இரத்தக்குழாய்த் தசையை இந்த மருந்து இதயத்தைவிட எளிதில் தளர்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்தின் அளவை எழுதும்போது எந்த மின்னழுத்தத்தில் பிடித்தோம் என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண்ணை வேறெவரும் பயன்படுத்த முடியாது.