அத்தை கைக்குப் போன பென்சில்

நான் ஸ்பீட்வே பந்தய ரசிகன் என்று சொன்னால், கேட்பவர் பெரும்பாலும் அதைக் கார்ப் பந்தயம் என்று நினைத்துக்கொண்டு மரியாதைக்குத் தலையாட்டுவார். மோட்டார் சைக்கிள் என்று திருத்தினால், "ஓ, முழங்கால் தரையில் உரசுமே, அதுவா?" என்பார். அதுவும் இல்லை. நீள்வட்டமான மண் பாதையில் நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டுவார்கள். எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதை நான் விளக்கி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும் என்பதால், அதற்குள் ஐந்து பந்தயங்கள் முடிந்திருக்கும் என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்வேன். அதன் பிறகு யாரும் என்னிடம் மேற்கொண்டு கேட்டதில்லை.

ஸ்பீட்வே ரசிகனுக்கு உண்மையான வேலை பார்ப்பதில் இல்லை, எழுதுவதில் இருக்கிறது. உலகப் பட்டத்துக்காக ஆண்டு முழுக்கப் பல நகரங்களில் நடக்கும் போட்டிகளுக்குக் கிராண்ட் பிரீ என்று பெயர். அதில் ஒன்றில் 16 பேர் ஓட்டுவார்கள். முதல் கட்டமாக 20 ஹீட்டுகள், அதாவது நான்கு பேர் ஓட்டும் 20 தனித்தனிப் பந்தயங்கள். ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓட்டி, மற்ற பதினைந்து பேரையும் தலா ஒரே ஒரு முறை எதிர்கொள்ளும்படி அந்த அட்டவணை அமைக்கப்பட்டிருக்கும். (16 பேரில் இருவர் இருவராக 120 இணைகள், ஒரு ஹீட்டில் ஆறு இணைகள், 20 ஹீட்டுகளில் சரியாக 120. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுப்பிச் சொன்னதால் என் மனைவிக்கும் வரவில்லை.) முதலில் வருபவருக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியில் வருபவருக்குச் சைபர். அரங்கத்துக்குப் போகிறவர்கள் நிகழ்ச்சிநிரல் புத்தகத்தில் அச்சிட்ட கட்டங்களில் இந்தப் புள்ளிகளைப் பேனாவால் நிரப்புவது இந்த விளையாட்டின் பழைய வழக்கம். வீட்டில் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் நான் கோடு போட்ட தாளில் அளவுகோல் வைத்து அதே கட்டங்களை வரைந்து நிரப்புகிறேன். அல்லது நிரப்பப் பார்க்கிறேன்.

பல ஆண்டுகளில் ஒரு தாளைக்கூட நான் பிழையில்லாமல் முடித்ததில்லை. முதல் காரணம் தலைக்கவசம். வீரர்களை அடையாளம் காண்பதற்குச் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று நான்கு நிற உறைகள் உண்டு. ஆனால் அவை ஆளுக்கு நிரந்தரமானவை அல்ல, ஹீட்டுக்கு ஹீட் மாறுபவை. மூன்றாம் ஹீட்டில் சிவப்பாக வென்ற மனிதர் எட்டாம் ஹீட்டில் மஞ்சளாக வந்து கடைசியில் முடிப்பார். நான் பழைய நினைவில் சிவப்பைக் கைதட்டி வரவேற்று, அவர் கணக்கில் இன்னொரு மூன்றை எழுதியிருப்பேன். இரண்டாவது காரணம், புறப்பாட்டில் குறுக்கே கட்டியிருக்கும் நாடா. அது மேலே எழும்பும் முன் அவசரப்பட்டுத் தொட்டவர் அந்த ஹீட்டிலிருந்து நீக்கப்பட, அவருக்குப் பதிலாக 17 அல்லது 18ஆம் எண் அணிந்த மாற்று வீரர் வந்துவிடுவார். என் தாளிலோ பதினாறு வரிகள்தான் இருக்கும். பதினேழாமவரின் புள்ளிகளை ஓரத்தில் எழுதி அம்புக்குறி போடுவேன். பந்தயம் முடியும்போது தாள் போர்க்கள வரைபடம் போலக் காட்சி தரும்.

மூன்றாவது காரணம் நானே உண்டாக்கிக்கொண்டது. போலந்துக்காரர்கள் புள்ளி கிடைக்காத இடங்களில் காரணத்தை ஓரெழுத்தில் குறிப்பார்கள்: விழுந்தால் ஓர் எழுத்து, வெளியேற்றப்பட்டால் ஓர் எழுத்து, வண்டி நின்றுபோனால் இன்னொன்று. அதைப் பார்த்து நானும் ஒரு முறையை வகுத்தேன். 'வி' என்றால் விழுந்தார், 'வெ' என்றால் வெளியேற்றப்பட்டார், 'நா' என்றால் நாடாவைத் தொட்டார், 'இ' என்றால் இயந்திரக் கோளாறு. என் கையெழுத்தில், அதுவும் நள்ளிரவில், 'வி'யும் 'வெ'யும் இரட்டைப் பிள்ளைகள் என்பதை முறையை வகுத்தபோது நான் யோசிக்கவில்லை.

ஒரே ஒரு முறை தவறு என்னுடையதாக இல்லை. 2015 ஏப்ரலில் வார்சா தேசிய விளையாட்டரங்கில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில், கூரைக்கு அடியில் தற்காலிகமாக மண் பாதை போட்டு ஒரு கிராண்ட் பிரீ நடந்தது. போலந்தின் பெருமைக்குரிய வீரர் தோமாஷ் கோலோப் விடைபெறும் இரவு என்பதால் நான் புதுப் பென்சிலே வாங்கி வைத்திருந்தேன். புறப்பாட்டு நாடா இயந்திரம் மக்கர் செய்தது. பச்சை விளக்கைப் பார்த்துப் புறப்படச் சொன்னார்கள். பாதையும் குண்டும் குழியுமாகப் போனது. பன்னிரண்டாம் ஹீட்டோடு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அன்று என் தாள் பன்னிரண்டு ஹீட் வரை ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. மீதி எட்டுக் கட்டங்கள் வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்து எனக்கு வந்த துக்கம் அந்த ஐம்பதாயிரம் பேரில் எவருக்கும் வந்திருக்காது.

நிலைமை மாறியது 2023 செப்டம்பரில், என் மாமியார் எங்களோடு தங்க வந்த பிறகு. அத்தைக்கு இரவில் தூக்கம் குறைவு. முதல் சனிக்கிழமை இரவில் கூடத்தை எட்டிப் பார்த்தார். டிராக்டர் மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்தார். தண்ணீர் வண்டியும் டிராக்டரும் ஓடின. கிராண்ட் பிரீயில் முதல் கட்டத்து 20 ஹீட்டுகளும் அதற்குப் பின் வரும் மூன்றும் சேர்த்து மொத்தம் 23 பந்தயங்கள், ஆகவே ஓட்டம் 23 நிமிடம். மீதி நேரத்தில் பெரும்பகுதி டிராக்டருக்கு உரியது என்பதை அறியாதவர் என்ன முடிவுக்கு வருவார்? மறுநாள் காலை தம் மகளிடம் தாழ்ந்த குரலில், "மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்குப் போகப்போகிறாரா? ராத்திரி முழுக்க டிராக்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று விசாரித்திருக்கிறார்.

சந்தேகம் தீர, அடுத்த பந்தயத்துக்கு அவரே வந்து உட்கார்ந்தார். வண்டி திரையில் பெரிதாகக் காட்டப்பட்டபோது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூர்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதில் பிரேக் எங்கே இருக்கிறது?"

"பிரேக் கிடையாது, அத்தை."

"விற்றவன் ஏமாற்றிவிட்டானா?"

விதியே அப்படித்தான் என்றேன். 500 சிசி ஒற்றை சிலிண்டர் இயந்திரம், மெத்தனால் எரிபொருள், ஒரே ஒரு கியர், பிரேக் இல்லை. நேர்ப்பகுதியில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவார்கள். வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டே வேகத்தை அடக்குவார்கள். இடது காலில் இரும்பு லாடம் போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு அதைத் தரையில் தேய்த்தபடி போவார்கள்.

"இடப்பக்கம் போகிறவன் கைப்பிடியை வலப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறானே?"

இதைக் கவனிக்க எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின. அத்தைக்கு இரண்டு ஹீட்டுகள் போதுமானதாக இருந்தன.

அந்த இரவு நாங்கள் பார்த்தது டென்மார்க்கின் வோயென்ஸ் நகரப் பந்தயம். போலந்தின் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் உலகப் பட்டத்தை அங்கேயே உறுதி செய்துவிடும் நிலையில் இருந்தார். ஆனால் தகுதிச் சுற்றில் விதிக்கு ஒவ்வாத பந்தய உடையை அணிந்து ஓட்டிவிட்டார் என்பதற்காக அவரை அந்த நிகழ்ச்சியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். நான் கொதித்துப்போனேன். அத்தை நிதானமாக, "பிரேக் இல்லாமல் ஓட்டலாம், சட்டை மட்டும் மாற்றிப் போடக்கூடாதா?" என்று கேட்டார். உலகெங்கும் ரசிகர்கள் அன்று பக்கம் பக்கமாக எழுதிய வாதங்களில் இதைவிடக் கச்சிதமானது ஒன்றும் என் கண்ணில் படவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போலந்தின் தொருன் நகரில் ஸ்மார்ஸ்லிக் பட்டத்தை வென்றபோது, "சட்டை சரியாக இருக்கிறதா, பாருங்கள்" என்பதுதான் அத்தையின் முதல் கவலையாக இருந்தது.

தொருன் இரவில்தான் பென்சில் கைமாறியது. ஒரு ஹீட்டில் ஒருவர் விழுந்தார், சிவப்பு விளக்கு எரிந்தது, பந்தயம் நின்றது. நான் 'வி' என்று எழுதினேன். அத்தை தாளை எட்டிப் பார்த்து, "இது என்ன, வெளியேற்றமா, விழுந்ததா?" என்றார். எதுவானாலும் சைபர்தானே என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விழுந்தவர் தாமாக எழுந்து பாதையைவிட்டு விலகினால் பந்தயம் தொடரும், அது விழுந்ததோடு போயிற்று. அவரால் பந்தயம் நிற்க நேர்ந்தால் நடுவர் அவரைக் காரணர் என்று தீர்ப்பளித்து நீக்கிவிட்டு, மற்றவர்களை வைத்து மறுபடி நடத்துவார், அது வேறு. இந்த வேறுபாட்டை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"ஒன்று கெட்ட நேரம், மற்றொன்று குற்றம். விழுந்த பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள், மாப்பிள்ளை. கொடுங்கள் இப்படி."

நாற்பது ஆண்டுகளாக வீட்டு வரவு செலவை ஒரு காசு பிசகாமல் எழுதிவந்த கை அது. அத்தை தாளைப் பக்கவாட்டில் திருப்பி, பதினாறுக்குக் கீழே மாற்று வீரர்களுக்கென்று இரண்டு வரிகளைச் சேர்த்தார். இந்த எளிய யோசனை எனக்கு ஏன் இத்தனை ஆண்டுகளாகத் தோன்றவில்லை என்று மனைவி கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தலைக்கவச நிறத்தை அவர் பொருட்படுத்துவதே இல்லை. ஓட்டும் விதத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார். ஸ்மார்ஸ்லிக்குக்கு அவர் வைத்த பெயர் "வேலியோரமாகப் போகிற பிள்ளை." வெளிவட்டத்தில் தடுப்புச் சுவரை ஒட்டிப் பாய்ந்து இரண்டு பேரை ஒரே வளைவில் தாண்டுபவரை அதைவிடத் தெளிவாக அடையாளம் காட்ட முடியாது.

2025 பருவத்தின் கடைசிப் போட்டியும் வோயென்ஸில்தான். ஸ்மார்ஸ்லிக்கும் ஆஸ்திரேலியாவின் பிரேடி கர்ட்ஸும் பட்டத்துக்குப் போட்டியிட்டார்கள். ஆதரவாளன் என்ற பதவிக்கு இறக்கப்பட்டிருந்த நான் நின்றுகொண்டே பார்த்தேன். அத்தை ஆண்டு முழுவதற்குமான கணக்கு நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இறுதிப் பந்தயத்தில் கர்ட்ஸ் முதலில் வந்தார், ஸ்மார்ஸ்லிக் இரண்டாவது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு, "போயிற்று அத்தை, கர்ட்ஸ் பட்டத்தைக் கொண்டுபோய்விட்டார்" என்றேன். மனக்கணக்கில் நான் அப்படித்தான் கூட்டியிருந்தேன்.

அத்தை பதில் சொல்லவில்லை. விரலை நோட்டில் மேலிருந்து கீழாக ஒரு முறை ஓட்டினார். கீழிருந்து மேலாக இன்னொரு முறை ஓட்டினார்.

"வேலியோரப் பிள்ளைக்கு ஒரு புள்ளி கூடுதல்" என்றார்.

திரையில் அறிவிப்பு வருவதற்கு முன்பே சொன்னார். ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்; ஆறாவது உலகப் பட்டம்; முன்னாள் சாம்பியன்களான ஐவன் மாகரும் டோனி ரிக்கார்ட்சனும் வைத்திருந்த எண்ணிக்கையை ஸ்மார்ஸ்லிக் எட்டிவிட்டார். நான் துள்ளிக் குதித்ததில் மனைவி எழுந்து வந்து என்னவென்று கேட்டாள்.

"ஒன்றுமில்லை, போய்த் தூங்கு" என்றார் அத்தை, நோட்டை மூடியபடி. "மாப்பிள்ளை கூட்டலில் கொஞ்சம் வழுக்கிவிட்டார். வளைவு அப்படி."

அந்த நோட்டை மறுநாள் இரகசியமாகப் புரட்டிப் பார்த்தேன். ஓரிடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் வீரர் பட்டியலில் இல்லாத ஒரு வரி இருந்தது: என் பெயர், அதற்கு எதிரே துலக்கமான கையெழுத்தில் 'வி'. 'வெ' அல்ல என்பதை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்.