நின்றவூரும் நான் கட்டாத அறையும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில் ஆவடிக்கு அடுத்த நான்காவது நிலையம் திருநின்றவூர். அரக்கோணத்தில் தனியாக இருந்த என் அண்ணனைப் பார்ப்பதற்காகப் பதினொரு ஆண்டுகள் அந்த நிலையத்தைக் கடந்து போய் வந்திருக்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை. அண்ணன் காலமாகி, அந்தப் பக்கம் போவதற்கு வேலையே இல்லாமல் போன பிறகுதான், ஒரு திங்கட்கிழமை காலை திருநின்றவூருக்கு மட்டும் பயணச்சீட்டு வாங்கினேன்.

ஊருக்கு வருகிறவர்களில் பலர் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்கே முதலில் போகிறார்கள். நானும் அங்கே சென்று, 'என்னைப் பெற்ற தாயார்' என்ற திருநாமமுடைய தாயாரைச் சேவித்துவிட்டே இருதயாலீசுவரர் கோயிலுக்குப் போனேன். பெயரைக் கேட்டுப் பெரிய கோபுரத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்குச் சிறிய ஏமாற்றம் இருக்கலாம், கோயில் சிறியதுதான். ஆனால் மற்றச் சிவாலயங்களில் அறுபத்துமூவர் வரிசையில் நின்று வெளியிலிருந்து வணங்கும் நாயன்மார்களில் ஒருவரான பூசலார், இங்கே கருவறைக்குள் இறைவன் அருகிலேயே இருக்கிறார். இதய நோய் உள்ளவர்கள் இத்தலத்தில் வந்து வேண்டிக்கொள்வது வழக்கமாகியிருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒருவர், மஞ்சள் பையிலிருந்து மருத்துவ அறிக்கையின் உறையை எடுத்து, இறைவன் படித்துப் பார்க்க வேண்டும் என்பதுபோலச் சன்னதிப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பூசலாரின் கதையைச் சிறுவயதில் கேட்டபோது, ஏழை ஒருவர் மனத்திலே கோயில் கட்டினார் என்ற அளவில்தான் மனத்தில் நின்றது. பெரியபுராணத்தைப் பிறகு நிதானமாகப் படித்தபோதுதான், சேக்கிழார் அந்த மனக்கோயிலை எவ்வளவு கறாரான ஒரு கட்டுமானப் பணியாகச் சொல்கிறார் என்பது தெரிந்தது. பொருள் தேடி அலைந்தும் கிடைக்காதபோது பூசலார் வருந்துகிறார். பிறகு மனத்திலேயே பொருளைச் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடிக்கொள்கிறார், நல்ல நாள் பார்த்து ஆகம முறைப்படி அடிநிலை போடுகிறார். இரவிலும் கண் உறங்காமல் எழுப்புகிறார். சிகரம் வந்து, தூபி நட்டு, சுதை பூசிய பிறகும் அவர் ஓயவில்லை. கிணறு தோண்டுகிறார், மதில் எடுக்கிறார், குளமும் வெட்டுகிறார். மனத்தில் கட்டுகிறவருக்குக் கிணறு எதற்கு என்று நமக்குத் தோன்றும். கோயில் என்றால் அபிஷேகத்திற்குத் தண்ணீர் வேண்டுமே என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதே வேளையில் காஞ்சியில் காடவர் கோமான் கல்லால் ஒரு பெருங்கோயிலை எடுத்து முடித்துக் குடமுழுக்கிற்கு நாள் குறித்திருந்தான். சேக்கிழார் அவன் பெயரைச் சொல்லவில்லை. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவன் அசரீரி கேட்டதாகச் சொல்லும் செய்தி அக்கோயிலின் கல்வெட்டிலேயே இருக்கிறது. முதல் நாள் இரவு அவன் கனவில் வந்த இறைவன், நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்திற்குள் நாளை நாம் புகப்போகிறோம், நீ உன் நாளைத் தள்ளி வைத்துக்கொள் என்கிறார். மன்னன் நின்றவூருக்கு வந்து விசாரித்தால், அப்படி ஒரு கோயிலே இல்லை என்கிறார்கள் ஊரார். அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாத அந்தக் கோயிலின் குடமுழுக்கு நாள் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு அண்ணனின் நினைவு வரும். நாங்கள் சென்னையில் வீடு கட்டத் திட்டமிட்டபோது, பக்கவாதத்தால் ஒரு கால் இழுத்துப்போயிருந்த அண்ணனுக்கென்று கீழ்த்தளத்தில் ஓர் அறையை நினைத்து வைத்திருந்தேன். கிழக்குப் பார்த்த ஜன்னல், படி இல்லாத வாசல், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி என்று எல்லாம் எனக்குள் தயாராக இருந்தது. வங்கிக் கடன் மேல்கூரையோடு தீர்ந்துபோயிற்று. அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று தள்ளிக்கொண்டே போனேன். அண்ணனிடம் ஒரு சொல் சொன்னதில்லை. தம்பி தன்னை மறந்துவிட்டான் என்று நினைத்தபடியே அவர் போயிருப்பாரோ என்பதுதான் இரண்டு ஆண்டுகளாக என்னை உறங்கவிடாத கேள்வி.

ஆகவே கருவறையின் முன் நின்றபோது, நான் நினைத்ததை நீயாவது அறிவாய் என்று சொல்லிக்கொள்ளவே வாயெடுத்தேன். ஆனால் அங்கே பூசலாரும் இருந்தார். அவரிடம் பொருள் இல்லை. என்னிடம் பிற்பாடு இருந்தது, அதை வேறு செலவுகளுக்குக் கொடுத்தேன். அறையை நினைத்ததை அறிந்தவருக்கு இதுவும் தெரியாமல் இருக்குமா? 'உள்குவார் உள்கிற்றெல்லாம் உடனிருந்து அறிதி', நினைப்பவர் நினைப்பதையெல்லாம் நீ கூடவே இருந்து அறிகிறாய், என்று பாடிய அப்பர், உடனே வெட்கப்பட்டதாகவும், பிறகு விலா இற, அதாவது விலா எலும்பு முறியும்படி, சிரித்ததாகவும் சொல்கிறார். வெட்கம் எனக்குப் புரிந்திருந்தது. சிரிப்பு இதுவரை புரிந்ததில்லை. நல்லதை மட்டும் எடுத்துக் காட்டி, மற்றதை மறைத்து, என் வழக்கை நானே நடத்திக்கொண்டிருந்த களைப்பு அன்று திடீரென்று இறங்கியது. எல்லாம் தெரிந்த ஒருவரிடம் எதை வாதாடுவது? சிரிப்பு வரவில்லை என்றாலும், அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று வந்தது.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அண்ணனுடைய அனுஷம் நாக்கு நுனிவரை வந்தது. காலமானவர் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

"சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

அவர் மறுபேச்சில்லாமல் உள்ளே போனார்.