அம்மாவின் காசிப் பயணம்

அம்மாவோடு காசிக்குப் போய் வந்து ஆறு வருடம் ஆகிறது. ரயில் டிக்கெட், தங்குமிடம், படகு எல்லாம் எங்கள் ஊர் டிராவல்ஸ் அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். சமையல்காரரும் கூடவே வந்ததால் கயாவிலும் சுடச்சுட இட்லி, சாம்பார்.

பிரயாகையில் நடந்ததுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வெளிறிய கங்கையும் பச்சை யமுனையும் சேரும் இடத்தில் படகை நிறுத்தினார்கள். ராமேஸ்வரத்திலிருந்து மஞ்சள் பையில் கொண்டுவந்த மணலை எடுத்தபோது அம்மாவுக்குக் கை நடுங்கியது. அண்ணன் பக்கத்தில் நகர்ந்து வந்து, "பதறாதீங்கம்மா, நேரம் இருக்கு" என்று கையைத் தாங்கிக்கொண்டார். கடைசிப் பிடி மணல் தண்ணீரில் இறங்கும்வரை அம்மா கண்ணை எடுக்கவில்லை.

இப்போது அம்மா இல்லை. அன்று எடுத்த படத்தை அண்ணன் நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எங்களோடு வந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், உங்களிடம் இருக்கும் படங்களையும் அனுப்புங்கள்.