கோன் பில்டரும் கொழும்பு மழையும்

ஒக்டோபர் பிறந்தால் எனக்கு ஒரே கேள்விதான் வரும். "மச்சான், உன்ர விட்ஸுக்கு கோன் பில்டர் போட்டிருக்கிறாய்தானே, மழைக்கு என்ன செய்யிறாய்?" கோன் பில்டர் என்றால், காரோடு வந்த எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டப் பூட்டும் கூம்பு வடிவ பில்டர். கேட்பவர்களில் பாதிப் பேர் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பில்டரை வாங்கிக் கையில் வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் பூட்டி முடித்து, பின்னேர இடிமுழக்கத்தைக் கேட்டுப் பயந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, எழுதி வைத்துவிடுகிறேன்.

பில்டரில் நாலு மழைத்துளி பட்டால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெய் ஊட்டிய பருத்தித் துணியைக் கம்பி வலைகளுக்கு நடுவே மடித்து வைத்ததுதான் இந்த பில்டர். அந்த எண்ணெய் சிறு துளிகளை ஓரளவு தடுக்கும். தப்பி உள்ளே போகும் ஈரம் சிலிண்டருக்குள் ஆவியாகி சைலன்ஸரால் வெளியே போய்விடும். தண்ணீர் தண்ணீராகவே உள்ளே போனால்தான் வில்லங்கம்.

எவ்வளவு தண்ணீர் போதும் என்று கணக்குப் பார்க்கலாம். என்னுடையது 1500 சிசி, நாலு சிலிண்டர், கம்ப்ரஷன் 10.5க்கு 1. ஒரு சிலிண்டருக்கு 375 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கு மேல் மிஞ்சும் இடம் கிட்டத்தட்ட 40 மில்லிலீட்டர், அவ்வளவுதான். காற்றை அதற்குள் நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் மேலே வர வழியில்லாமல் முட்டி நிற்கும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையும். ஹைட்ரோலொக் என்று சொல்வது இதைத்தான்.

ஜப்பான்காரன் காரோடு கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பில்டர் பெட்டியை நாங்கள் 'அடைச்சல்' என்று கழற்றிவிடுகிறோம். அதை ஒருக்கால் உற்றுப் பாருங்கள். காற்று நுழையும் வாய் பொனட் ஓரத்துக்குக் கிட்ட உயரத்தில் இருக்கும். பெட்டி அகலமானது என்பதால் உள்ளே வரும் காற்றின் வேகம் குறைந்து, துளிகள் கீழே விழும். விழுந்த தண்ணீர் வடிய அடியில் சின்ன ஓட்டை. கோன் பில்டரில் இந்த மூன்றும் இல்லை. இதைத் திருப்பிச் செய்துகொடுப்பதுதான் முழு வேலையும். மேலே எதைச் சுற்றுவது என்பது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

பில்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு வழக்கம் இருக்கிறது. குட்டைப் பைப்பில் பூட்டி பொனட்டுக்கு உள்ளேயே விடுவது ஒன்று. காலி வீதி நெரிசலில் நின்றால் எஞ்சின் சூட்டையே உறிஞ்சும், ஆனால் மழைக்கு ஆபத்துக் குறைவு. மற்றது நீளப் பைப் போட்டு, முன் பம்பருக்குப் பின்னால், சில்லுக்குப் பக்கத்தில் பில்டரைத் தொங்கவிடும் கோல்ட் எயார். குளிர்ந்த காற்று கிடைக்கும், உண்மைதான். ஆனால் எங்கள் கார்களில் சில்லின் நடுமையமே தரையிலிருந்து ஏறக்குறைய 30 சென்ரிமீட்டர். பில்டர் அந்த உயரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

கொழும்புக்கு வருடத்தில் 2400 மில்லிமீட்டரை ஒட்டி மழை. மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும் மோசம். ஒரு மணித்தியாலம் இறுக்கிப் பெய்தால் தும்முல்லையும் ஆமர் வீதியும் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. களனி கங்கை பெருகிய 2016 மே மாதத்தை விடுங்கள், அன்றைக்கு வெல்லம்பிட்டியில் எந்த பில்டரும் யாரையும் காப்பாற்றியிராது. நான் சொல்வது சாதாரணப் பின்னேர மழையை.

நண்பர் ஒருவரின் சிவிக் கிருலப்பனையில் அப்படி ஒரு மழையில்தான் நின்றது. தண்ணீர் அரைச் சில்லுக்குக்கூட இல்லை. அவர் மெதுவாகத்தான் போனார். எதிரே வந்த பஸ் தள்ளிய அலை பம்பருக்குள் ஏறியது, கோல்ட் எயார் பைப் அதை அப்படியே குடித்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய கார் வைத்திருந்தவர்களுக்கு எஞ்சின் போவது என்றால் என்னவென்று தெரியும். ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றுக்காக அவர் பஞ்சிகாவத்தைக் கடை கடையாக ஏறி இறங்கினார்.

ஆகவே என்னுடையது குட்டைப் பைப், சுற்றிவர அலுமினியத் தகட்டுப் பெட்டி. கொட்டாஞ்சேனையில் ஒரு டின்கரிங் பாஸ் அடித்துத் தந்தார். நான் அட்டையில் வெட்டிக்கொண்டு போன மாதிரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கீழ ஓட்டை எங்க தம்பி? தண்ணி வந்தா எங்கால போகும்?" என்று கேட்டுக்கொண்டே தாழ்ந்த மூலையில் 6 மில்லிமீட்டர் துளையைப் போட்டார். மூடியின் விளிம்பில் ரப்பர் பீடிங், பொனட்டை மூடினால் அமர்ந்து பிடிக்கும். காற்று வரும் வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னால், உயரத்தில், முன்னுக்குப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி இருக்கிறது. எஞ்சின் சூடும் ஓரளவு தடைப்படுகிறது. பொனட்டில் காற்றுத் துவாரம் வெட்டியிருப்பவர்கள், அது பில்டருக்கு நேர் மேலே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூடி இல்லாமல் ஓடாதீர்கள்.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் அந்த உறை. கே அண்ட் என் அதை டிரைசார்ஜர் என்று விற்கிறது, வேறு கம்பெனிகளிடமும் இருக்கிறது. தண்ணீர் ஒட்டாத மெல்லிய பொலியெஸ்டர் துணி, பில்டருக்கு மேல் இழுத்து மாட்டுவது. தெறிக்கும் துளிக்கும் சேற்றுக்கும் நல்லது, நானும் போட்டிருக்கிறேன். ஆனால் பம்பருக்குள் தொங்கும் பில்டருக்கு இதை மாட்டிவிட்டு வெள்ளத்தில் இறங்குவது, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கிணற்றில் குதிப்பது மாதிரி. எக்ஸிலேட்டர் முழுதாக மிதிபட்டு எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 2000 லீட்டர் அளவில் காற்றை இழுக்கிறது. மூழ்கிய துணி அந்த இழுப்புக்கு முன்னால் நிற்காது. பொலித்தீன் பையைச் சுற்றிக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் கதைப்பதில்லை.

கோல்ட் எயாரை விட மனமில்லை என்றால் பைபாஸ் வால்வு என்று ஒன்று இருக்கிறது. ஏஇஎம் செய்வது பெயர்போனது. பைப்பை வெட்டி, பில்டருக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திரொட்டிலுக்கும் நடுவே உயரமான இடத்தில் பூட்ட வேண்டும். பில்டர் மூழ்கி உள்ளே இழுப்புக் கூடினால் அது திறந்து மேலே இருந்து காற்றை எடுத்துக்கொடுக்கும். டர்போ கார்களுக்குச் சரிவராது.

ஓட்டும்போது பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், எதிரே வருவது கடந்து அலை அடங்கும்வரை நின்றுவிடுங்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் தொடக் கூடாது. ரொட் வளைவது பல நேரம் அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான். தள்ளி வெளியே எடுத்து, பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். ஒயில் வெளிறிக் கலங்கி இருந்தால் அதையும் மாற்றாமல் ஓட்ட வேண்டாம்.

மழையைவிட நான் பயப்படுவது சேர்விஸ் நிலையத்தில் எஞ்சின் வாஷ் பண்ணும் பொடியனுக்கு. பிரஷர் குழாயை நேரே கோனில் பிடிப்பான். ஒரு தடவை நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் பிடித்தும் விட்டான். நல்ல காலம், எஞ்சின் ஓடவில்லை. இப்போது பொனட்டைத் திறக்கவே விடுவதில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்கு இன்னொன்று. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மரைன் டிரைவில் நிறுத்திவைக்கும் காருக்குள் உப்புக் காற்று ஏறும். கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்தால் பைப் இணைப்பு வழியே பில்டரைத் தாண்டித் தூசியும் தண்ணீரும் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் சில நூறு ரூபாய் வித்தியாசம்தான்.

கழுவுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். மெல்லிய தண்ணீரில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக. கொம்ப்ரஸர் காற்று அடித்தால் துணி கிழியும். கொழும்பு ஈரப்பதத்தில் நிழலில் காய ஒரு நாளுக்கு மேலேயே எடுக்கும், நவம்பரில் இன்னும் கூட. முழுதாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய், அதுவும் அளவாக. வழிய வழிய ஊற்றினால் அது பின்னால் இருந்து காற்றை அளக்கும் எயார்ஃப்ளோ சென்ஸரின் மெல்லிய கம்பியில் படிந்து, கார் திக்கத் தொடங்கும். பழைய பிளாஸ்டிக் பெட்டியை இதற்காகவே எறியாமல் வைத்திருக்கிறேன். கோன் காயும்வரை அதைப் பூட்டிக்கொண்டு ஓடுகிறேன். சத்தம் இல்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.