ஆரஞ்சுக் கரைசலும் எஃகுத் தகடும்

டைட்டானியம் உப்பின் அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதும் பளீரென்று ஆரஞ்சு நிறம் வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. எஃகுத் தகட்டின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு படலம் பூசுவதற்காக, அதில் கொஞ்சம் நைட்ரேட் கலந்து, தகட்டை எதிர்மின்வாயாக, அதாவது மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைத்து, மாட்டுகிறேன். மின்னோட்டம் பாய்ந்து நைட்ரேட் ஒடுக்கமடையும்போது, அதாவது எலக்ட்ரான்களைப் பெறும்போது, ஹைட்ராக்சைடு அயனிகள் பிறக்கும். தகட்டை ஒட்டிய இடத்தில் மட்டும் காரத்தன்மை ஏறி, டைட்டானியம் அங்கேயே கூழாகப் படியும்.

முதலில் அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டிவிட்டேன். ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பி, படலம் முழுக்க ஊசித்துளைகள். சரி என்று குறைத்தேன், சீராகப் படிந்தது. ஆனால் வேகமாக உலர்த்தியதில் வறண்ட குளத்துச் சேறு போல வெடித்துவிட்டது. இப்போதெல்லாம் மெல்லியதாகப் படியவைத்து, நிதானமாக உலரவிட்டு, அப்புறம்தான் 450 டிகிரி செல்சியஸில் சூடாக்குகிறேன். கூழ், டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு வடிவமான அனடேஸ் படிகமாக மாறுவது அந்தச் சூட்டில்தான்.

நேற்று எடுத்த தகட்டைச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் தங்க மஞ்சள், படலம் சற்றுத் தடித்த ஓரத்தில் ஊதா.